கரி மண்ணில் கதிரொளித் தொழில்



கல்வியின் பயன் கற்றவனுடைய ஜீவனத்தோடு நின்றுவிடாமல் அவன் பிறந்த சமுதாயத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு ஏற்படுத்தப்பட்ட ஓர் அறக்கட்டளையின் சார்பில் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தபோது, அந்த எண்ணத்துக்கு மிக நெருங்கியதும், நம்மிடையே இன்னும் போதிய அளவு பேசப்படாததுமான ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். நிலக்கரியையும் எண்ணெயையும் தோண்டி எடுத்து வாழ்ந்த தொழிலாளர்களுக்கும், எந்த மண்ணிலிருந்து அவை தோண்டப்பட்டனவோ அந்த மண்ணின் ஆதிக்குடி மக்களுக்கும், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழிலைக் கற்பிப்பதே அந்த விஷயம்.

இதைப்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவ்விரு சாராரையும் எதிரெதிர்க் கட்சிகளாக நிறுத்தியே பேசுகிறார்கள். வேலை போய்விடுமே என்று அஞ்சும் தொழிலாளி ஒரு பக்கம், நிலமும் நீரும் கெட்டுப்போயினவே என்று முறையிடும் ஆதிக்குடி மறுபக்கம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில், அரிசோனா, நியூமெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவி, ஏறத்தாழ 70,000 சதுரக் கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் நவாஹோ நாட்டில் இந்தப் பாகுபாடு செல்லுபடியாகாது. அங்கே குடும்பத்தில் ஒருவர் சுரங்கத்தில் இயந்திரம் ஓட்ட, அதே குடும்பத்தின் முதியவர்கள் அச்சுரங்கத்தை அடுத்த மேட்டு நிலத்தில் ஆடு மேய்த்தார்கள். கரியினால் வந்த சம்பளமும் கரியினால் வந்த நஷ்டமும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. ஆகையால் இந்த விஷயத்தின் நியாய அநியாயங்களைப் பார்க்க விரும்புவோர் முதலில் அந்த நாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

தங்களைத் ‘தினே’ என்று அழைத்துக்கொள்ளும் நவாஹோ மக்கள் 1864-இல் அமெரிக்கப் படையினரால் தம் இருப்பிடங்களிலிருந்து விரட்டப்பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்தப்பட்டு, நியூமெக்சிகோவில் ஒரு வறண்ட சமவெளியில் அடைக்கப்பட்டு, 1868-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படியே ஊர் திரும்பினார்கள். வேறு எதற்கும் உதவாது என்று எண்ணித் திருப்பித் தரப்பட்ட அந்த நிலத்தின் அடியில் எண்ணெயும் கரியும் யுரேனியமும் இருந்தது பின்னர்தான் தெரியவந்தது. 1923-இல் நவாஹோ மக்களுக்கென ஒரு பொது மன்றம் அமைக்கப்பட்டதற்கு முக்கியக் காரணமே, எண்ணெய்க் கம்பெனிகளின் குத்தகைப் பத்திரங்களில் கையொப்பமிட அதிகாரம் பெற்ற ஓர் அமைப்பு தேவைப்பட்டது என்பதுதான். தம்மைத் தாமே ஆள்வதற்கான முதல் ஏற்பாடு பிறருடைய வியாபார சௌகரியத்துக்காகப் பிறந்தது என்பதை மறக்காமலிருந்தால், அதன்பின் வந்த அநேக காரியங்கள் தாமே விளங்கும்.

பீபாடி நிலக்கரிக் கம்பெனி 1964-இல் நவாஹோ மக்களிடமிருந்தும், 1966-இல் அண்டை அயலாரான ஹோப்பி மக்களிடமிருந்தும் ‘கறுப்பு மேசா’ என்னும் பீடபூமியில் கரி தோண்டும் உரிமையைப் பெற்றது. நவாஹோ குத்தகை ஒன்றில் ஒரு டன் கரிக்கு விதிக்கப்பட்ட உரிமைத்தொகை அதிகபட்சம் 37.5 சென்ட், இருபது ஆண்டுகள் அது மாற்றப்படாமலே இருந்தது. அந்தக் கரியில் ஒரு பகுதி, நிலத்தடி நீரோடு கலந்து குழம்பாக்கப்பட்டு, 440 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியே நெவாடா மாநிலத்து மோஹாவே மின்நிலையத்துக்குத் தள்ளப்பட்டது. மழை அரிதான பாலைநிலத்தில், வீட்டுக்குக் குடிநீர் வேண்டுமானால் பீப்பாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிடித்துவர வேண்டிய நிலையிலிருந்த ஜனங்களின் ஊற்றுநீர் கரியைச் சுமந்து செல்லும் வாகனமாயிற்று. மற்றொரு பகுதி, மின்ரயிலில் ஏற்றப்பட்டு, பேஜ் என்னும் ஊரருகே இருந்த நவாஹோ மின்நிலையத்துக்குப் போயிற்று. 750 மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள், ஆக 2,250 மெகாவாட் திறன் கொண்ட அந்நிலையத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, கொலராடோ ஆற்று நீரை மேட்டு நிலங்களின் மேலேற்றி, 500 கிலோமீட்டருக்கும் அதிகமான கால்வாய் வழியாக பீனிக்ஸ், டூசான் முதலிய நகரங்களுக்குக் கொண்டுசெல்லச் செலவாயிற்று. அந்நகரங்களின் வளர்ச்சிக்கு அது அஸ்திவாரம் என்று சொன்னால் மிகையாகாது.

இத்தனைக்கும் 2019-வாக்கில் நவாஹோ நாட்டில் ஏறக்குறைய 15,000 வீடுகளில் மின்விளக்கு இருக்கவில்லை. உயர் அழுத்தக் கம்பிகள் தலைக்குமேல் போக, கீழே மண்ணெண்ணெய் விளக்கும் விறகடுப்பும் கொண்டு வாழ்ந்த குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆடு மேய்த்து வாழும் வீடுகள் ஒன்றுக்கொன்று பல மைல் தள்ளி இருப்பதால் ஒரு வீட்டுக்குக் கம்பி இழுக்கவே பல பத்தாயிரம் டாலர் ஆகிறது என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் தூரம் ஒன்றையே காரணமாகச் சொல்வது பூரண உண்மையாகாது. நவாஹோ, ஹோப்பி மக்களுக்கிடையேயான எல்லைத் தகராற்றைக் காட்டி, 1966-இல் ராபர்ட் பென்னட் என்ற கூட்டரசு அதிகாரி, நவாஹோ நாட்டின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கரில் எந்த விதமான கட்டுமானமும் செய்யக்கூடாது என்று தடை விதித்தார். புது வீடு கட்டவும், பழைய கூரையைச் செப்பனிடவும், மின்கம்பமோ குடிநீர்க் குழாயோ போடவும் முடியாமற்போன அந்தத் தடை 2009 வரை நீடித்தது. ஒரு முழுத் தலைமுறை அந்த உத்தரவுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பெற்றோராயிற்று. இருட்டு அங்கே இயற்கையின் கொடை அன்று, கையெழுத்திட்டு உண்டாக்கப்பட்டது.

ஆயினும் கரியினால் விளைந்த நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மின்நிலையத்திலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் நவாஹோ மக்களே. வேலையின்மை மிகுந்த அந்தப் பிரதேசத்தில் அவை கௌரவமான சம்பளமும், மருத்துவக் காப்பும், ஓய்வூதியமும் கொடுத்த உத்தியோகங்கள். ஒருவர் சம்பளத்தில் பல உறவினர் பிழைத்தார்கள். ஹோப்பி அரசின் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு கரியிலிருந்தே வந்தது. 2005 முடிவோடு மோஹாவே நிலையம் நின்றது. 2017 பிப்ரவரியில் நவாஹோ மின்நிலையத்தின் பங்குதாரர்கள், இயற்கை எரிவாயு மலிந்துவிட்டதால் இனி லாபமில்லை என்று கண்டு, அதையும் மூடிவிடத் தீர்மானித்தார்கள். 2019 ஆகஸ்டில் அதற்குக் கரி கொடுத்த கயென்டா சுரங்கமும், நவம்பரில் மின்நிலையமும் நின்றன. மறு ஆண்டு டிசம்பரில் அதன் மூன்று புகைபோக்கிகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நிலையத்தை நடத்திய நிறுவனம் தன் நிரந்தர ஊழியர்களுக்கு வேறிடங்களில் வேலை கொடுக்க முன்வந்தது மெய்யே. ஆனால் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தள்ளியிருந்த பீனிக்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்வதென்றால், ஆட்டுமந்தையையும் வயோதிகப் பெற்றோரையும் குலச் சடங்குகள் நடக்கும் மண்ணையும் விட்டுப் போவது என்று அர்த்தம். சம்பளம் தப்பியது, குடும்பம் இரண்டாகியது.

தொழில் ஒன்று பொதுநன்மையின் பொருட்டு நிறுத்தப்படும்போது அதில் உழைத்தவனுடைய கதி என்ன என்ற கேள்வியை, அமெரிக்காவில் மிகத் தெளிவாக எழுப்பியவர் டோனி மசாக்கி என்ற தொழிற்சங்கத் தலைவர். எண்ணெய், இரசாயனம், அணுசக்தி ஆகிய ஆபத்தான தொழில்களின் ஊழியர் சங்கத்தில் வாழ்நாளைச் செலவிட்ட அவர், நச்சுப் பொருள்களை உண்டாக்கும் ஆலைகள் மூடப்பட வேண்டும் என்பதை மறுக்கவில்லை; மண்ணைச் சுத்தம் செய்வதற்கு ஒரு பெருநிதி இருப்பதுபோல் மனிதனுக்கும் ஒன்று இருக்கட்டும் என்றே கேட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்லூரிச் செலவும் வாழ்க்கைச் செலவும் தேசம் கொடுத்தது. தாமே போர்முனையிலிருந்து திரும்பியவரான மசாக்கி, தேசத்துக்கு எரிபொருள் கொடுத்துக் களைத்தவனுக்கும் அதே உரிமை உண்டு, நான்கு ஆண்டுகள் வரை முழுச் சம்பளத்தோடு விரும்பியதைப் படிக்கட்டும் என்று வாதாடினார். இன்று ‘நியாயமான மாற்றம்’ என்று உலக மாநாடுகளில் அடிபடும் சொற்றொடருக்கு வேர் அங்கேயும் இருக்கிறது. அவர் கேட்ட அளவில் அமெரிக்க அரசு கொடுத்ததில்லை. சம்பளம் இல்லாத பயிற்சியைக் கொடுத்துவிட்டு மாற்றம் நிறைவேறிவிட்டதாகக் கணக்கெழுதும் வழக்கத்தைக் காணும்போதெல்லாம், மசாக்கியின் கோரிக்கை எவ்வளவு சரியானது என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஆறு வாரம் கூலியில்லாமல் வகுப்பில் உட்காரும்படி நாற்பது வயதுத் தொழிலாளியிடம் சொல்வது, பயிற்சி மறுப்பதற்குச் சமானம்.

இனி, கற்பிக்க வேண்டியது என்ன என்று பார்ப்போம். சுரங்கத்திலோ கொதிகலன் கூடத்திலோ இருபது ஆண்டு உழைத்த ஒரு எலக்ட்ரீஷியன், சூரியத் தொழிலுக்கு வெறுங்கையோடு வருவதில்லை. மின்வழியை நிறுத்தி, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டி, மின்னோட்டம் இல்லை என்று சோதித்த பிறகே கைவைக்கும் ஒழுக்கம் அவன் எலும்பில் ஊறியிருக்கிறது. உயரத்தில் கயிறு கட்டி நிற்பதும், வரைபடம் பார்ப்பதும், பளுவைக் கணக்கிட்டுத் தூக்குவதும் அவனுக்குப் பழகிய காரியங்கள். அவன் புதிதாகக் கற்க வேண்டியவை சிலவே. ஆனால் அந்தச் சிலவற்றில் உயிராபத்து உண்டு. வெயில் மேலே படும் வரையில் சூரியத் தகட்டை யாராலும் நிறுத்த முடியாது. வெளியே உள்ள சுவிட்சை அணைத்தாலும் தகட்டின் முனைகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 120 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் பொறி தானே அணைய இடமுண்டு. தகட்டிலிருந்து வரும் நேர்திசை மின்னோட்டத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. சரியாக இறுக்கப்படாத ஓர் இணைப்பில் மூண்ட பொறி கூரையையே எரித்துவிடக் கூடும். ஒரு தகட்டின் மூலையில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதின் உற்பத்தியையும் குறைப்பது, தகடு சூடேற ஏறத் திறன் குறைவது முதலியவற்றை அநுபவமுள்ள எலக்ட்ரீஷியன் சில நாளில் புரிந்துகொள்வான். அவனையும் பள்ளி விட்டு வந்த பதினெட்டு வயதுப் பையனையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து முதல் பாடத்திலிருந்து தொடங்கும் பயிற்சித் திட்டம் இருவருக்கும் தீங்கு செய்கிறது. முன்னவனுக்கு அது அவமானம், பின்னவனுக்குப் போதாமை. முன்னவனைப் பின்னவனுக்கு ஆசானாக்குவதே சரியான ஏற்பாடு.

மறுபடி நவாஹோ நாட்டுக்கு வருவோம். கயென்டா என்னும் ஊரருகே, நவாஹோ மக்களுக்கே சொந்தமான மின்வாரியம் 2017-இல் 27 மெகாவாட்டுக்குச் சற்று அதிகமான சூரிய மின்நிலையம் ஒன்றைத் திறந்தது. 2019-இல் இரண்டாம் பகுதி சேர்ந்து மொத்தம் 55 மெகாவாட் ஆயிற்று. கட்டுமானத்தில் உழைத்தவர்களில் பெரும்பான்மையோர் நவாஹோ மக்கள். வேலையிடத்திலேயே பயிற்சி பெற்றவர்கள். சுரங்கம் இருந்த நாட்டிலேயே இப்படி ஒன்று எழுந்தது பெருமைக்குரியதுதான். எனினும் கட்டி முடிந்த மறுநாள் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கரி நிலையத்துக்கு இரவும் பகலும் கரி வெட்டவும், ஏற்றவும், எரிக்கவும், சாம்பல் வாரவும் ஆட்கள் தேவை. சூரிய நிலையத்துக்கு எரிபொருள் தானே வந்து இறங்குகிறது. ஆகையால் கட்டும்போது நூற்றுக்கணக்கில் வேலை கொடுத்தது, கட்டிய பின் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரைக் கொண்டே நடக்கிறது. பெரிய சூரிய வயல்களைக் காட்டி, சுரங்கம் கொடுத்த அத்தனை வேலையையும் இவை கொடுக்கும் என்று தொழிலாளிக்கு வாக்களிப்பது அவனை ஏமாற்றுவதாகும்.

நிலையான வேலை இருப்பது வேறிடத்தில். விளக்கில்லாத அந்த ஆயிரக்கணக்கான வீடுகளில். 2019-இல் பல மாநிலங்களிலிருந்து மின்வாரியப் பணியாளர்கள் வந்து, நவாஹோ வாரியத்தாரோடு சேர்ந்து ஆறு வாரத்தில் 233 வீடுகளுக்குக் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். அது போற்றத்தக்க தொண்டு. ஆனால் கம்பி எளிதில் எட்டாத வீட்டுக்குத் தகடும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் அமைத்து, இன்சுலின் வைக்கும் சிறு குளிர்பெட்டி ஜனவரி மாதக் குறுகிய பகலிலும் நிற்காதபடி கணக்கிட்டு, ஆண்டுதோறும் வந்து பார்த்துச் செப்பனிடுவது என்றால், அது ஒரு தலைமுறைக்கு உத்தியோகம். இதை உணர்ந்து 2016-இல் வாலியா ஜான்ஸ், சூசன் சிங்கர் என்ற இரு நவாஹோ பெண்மணிகள் ‘நேட்டிவ் ரினியூவபிள்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜான்ஸ் கறுப்பு மேசாவைச் சேர்ந்தவர், கரிக்குழம்புக் குழாய்க்காக ஊற்றுநீர் வற்றுவதை எதிர்த்த இளைஞர் இயக்கத்தில் வளர்ந்தவர். பிற்காலத்தில் கூட்டரசின் எரிசக்தித் துறையில் ஆதிக்குடியினருக்கான பிரிவின் தலைவராகவும் இருந்தவர். சிங்கர் பொறியியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். இவர்கள் தம் மக்களுக்கே தகடு பொருத்தும் தொழிலைக் கற்பித்து, கற்றவர்களைக் கொண்டே வீடுகளுக்கு விளக்கேற்றுகிறார்கள்.

அவர்களுடைய முறையில் நான் மிகவும் மதிப்பது, குடும்பத்தாருக்கும் பாடம் நடத்துவதாகும். நவாஹோ மின்வாரியம் 1990-களிலேயே சிறு சூரிய அமைப்புகளை வாடகைக்குக் கொடுத்து வந்தது. அத்தகைய அமைப்புகள் எங்கே வைக்கப்பட்டாலும் பெரும்பாலும் முதலில் கெடுவது பேட்டரிதான். ஒரு நாளில் எவ்வளவு செலவிடலாம், மேகமூட்டமான நாளில் எதை அணைக்க வேண்டும் என்பது வீட்டிலுள்ள பாட்டிக்குத் தெரியாவிட்டால் எப்பேர்ப்பட்ட பேட்டரியும் சில ஆண்டில் செத்துவிடும். அதை ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்துச் சொல்ல இயலாது. அவளுடைய மொழியில், அவளுக்கு உறவுமுறை சொல்லி அழைக்கத் தெரிந்த ஒருவன் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்ற வேண்டியதன் அவசியம் அபிமானத்தைச் சார்ந்தது மட்டுமன்று. இயந்திரம் நீடித்து ஓடுவதற்கே அது நிபந்தனை.

நவாஹோ நாட்டுக்கு வெளியேயும் இத்தகைய ஆசான்கள் உண்டு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், பைன் ரிட்ஜ் என்னும் லகோட்டா மக்கள் பகுதியில் ஹென்றி ரெட் கிளவுட் என்பவர், சூரிய வெப்பத்தால் வீட்டுக்குள் காற்றைச் சூடாக்கும் எளிய பெட்டிகளைச் செய்யவும், மின்தகடு பொருத்தவும், பல ஆதிக்குடியினருக்குத் தம் ஊரிலேயே தங்கவைத்துக் கற்பித்து வந்திருக்கிறார். கடுங்குளிரில் எரிவாயுச் செலவு தாங்காத வீடுகளுக்கு மின்சாரத்தைவிட வெப்பமே முதல் தேவை என்று கண்டது அவருடைய விவேகம்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் இந்தக் கதை வேறு விதமாக நடந்தது. அங்கே முதலடி எடுத்து வைத்தவர்கள் எண்ணெய்த் தொழிலாளர்களே. 2014-இன் நடுவில் பீப்பாய்க்கு நூறு டாலருக்கு மேலிருந்த எண்ணெய் விலை 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே போயிற்று. எண்ணெய் மணல் வயல்களில் பல்லாயிரவர் வேலை இழந்தனர். அச்சமயத்தில், 2015-இல், கொதிகலன் வேலை தெரிந்த லியம் ஹில்டிபிராண்ட் என்பவர் தம் தோழர்களோடு ‘அயர்ன் அண்டு எர்த்’ என்ற அமைப்பைத் தொடங்கி, எண்ணெய் வயல் எலக்ட்ரீஷியன்களுக்குச் சூரியத் தொழிலைக் கற்பியுங்கள் என்று கேட்டார். எட்மன்டனுக்குத் தெற்கே மாஸ்க்வாசிஸில் வாழும் லூயிஸ் புல் பழங்குடியினர் தம் பொதுக் கட்டடக் கூரைகளின் மேல் தகடுகளைத் தம் மக்களையே பயிற்றி அமைத்தவர்கள்; அவர்களோடு இவ்வமைப்பினர் கைகோத்து, வேலையிழந்த தொழிலாளரும் ஆதிக்குடி இளைஞரும் ஒரே கூரைமேல் கற்கும்படி செய்தார்கள். இவ்வமைப்புக்காக 2021-இல் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில், எண்ணெய், எரிவாயு, கரித் தொழிலாளரில் 69 சதவீதத்தினர் தூய எரிசக்தித் தொழிலுக்கு மாறுவதில் ஆர்வம் தெரிவித்தார்கள். தொழிலாளி மாற்றத்துக்கு விரோதி என்று பேசுவோர் இந்த எண்ணைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். அவன் அஞ்சுவது சூரியனுக்கு அன்று, சம்பளக் குறைவுக்கே.

அதே மாநிலத்தின் வடக்கே லிட்டில் பஃபலோ என்ற சிற்றூரின் அருகே 2011 ஏப்ரலில் ஒரு குழாய் உடைந்து சுமார் 28,000 பீப்பாய் எண்ணெய் கொட்டியது. லூபிகன் க்ரீ மக்களின் அவ்வூரைச் சேர்ந்த மெலினா லபூகன் மசிமோ 2015-இல் முன்னின்று, ஊர் மருத்துவ நிலையத்துக்காக 80 தகடுகள் கொண்ட 20.8 கிலோவாட் அமைப்பை ஏற்படுத்தினார். அளவில் சிறியதே, ஆனால் எண்ணெய் வயல்களின் நடுவே தமக்கென ஒன்றைத் தாமே கட்டமுடியும் என்று ஊரார் கண்டார்கள். இதைவிட முக்கியமானதாக நான் கருதுவது ஃபோர்ட் சிப்பவையான் ஊரின் அநுபவம். ஆற்றோட்டத்தில் எண்ணெய் மணல் வயல்களுக்குக் கீழே, அத்தபாஸ்கா ஏரிக்கரையில் உள்ள அவ்வூருக்குக் குளிர்காலத்தில் பனிச்சாலையும் கோடையில் படகும் தவிரத் தரைவழி கிடையாது. மின்சாரத்துக்கான டீசல் முழுவதும் அவ்வழியே வரவேண்டும். அத்தபாஸ்கா சிப்பவையான், மிகிசூ க்ரீ, மேட்டிஸ் ஆகிய மூன்று சமூகத்தாரும் கூட்டுச் சேர்ந்து, 2020-இல் 2.2 மெகாவாட் சூரிய வயலைத் தம் சொந்த உடைமையாக அமைத்தார்கள். முன்பிருந்த சிறு அமைப்போடு சேர்ந்து அது ஊரின் தேவையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கொடுத்து, ஆண்டுக்கு 8 இலட்சம் லிட்டர் டீசலை மிச்சப்படுத்தும் என்று கணிக்கப்பட்டது. அதன் வருமானம் அம்மக்களுக்கே சேருவதால், அதைப் பராமரிக்க ஆளைப் பயிற்றுவதும் அவர்களுடைய சொந்த அக்கறையாகிறது. உடைமை வேறொருவருடையதாக இருக்கும் இடத்தில் பயிற்சி பிறர் கருணையைப் பொறுத்தது.

ஆதிக்குடி மக்கள் எல்லோரும் கரிக்கு எதிரானவர்கள் என்று எண்ணிக்கொள்வதும் பிழை. நவாஹோ அரசே 2013-இல் ஓர் எரிசக்திக் கம்பெனியை ஏற்படுத்திக் கரிச்சுரங்கம் ஒன்றை விலைக்கு வாங்கியது. மூடவிருந்த மின்நிலையத்தையும் வாங்கலாமா என்று 2019 மார்ச்சில் அவர்கள் மன்றம் நெடுநேரம் வாதித்து, மிகச் சிறிய வித்தியாசத்திலேயே வேண்டாம் என்று முடிவு செய்தது. பசித்தவனுக்குக் கொள்கை போதிக்கும் உரிமை நமக்கில்லை. அரசாங்கத் திட்டங்களின் ஆயுள் அற்பமாயிருப்பதைக் கண்டவர்கள் கரியைக் கைவிடத் தயங்குவதில் நியாயமும் உண்டு. எளிய குடும்பங்களுக்கும் ஆதிக்குடியினருக்கும் சூரிய மின்சாரம் அளிக்க 700 கோடி டாலர் ஒதுக்கிய அமெரிக்கக் கூட்டரசின் திட்டம், 2025 ஆகஸ்டில் அதே கூட்டரசின் சுற்றுச்சூழல் துறையால் ரத்தென்று அறிவிக்கப்பட்டது. அதை நம்பித் தொழில் கற்றவனுடைய சான்றிதழ் கையிலேயே இருக்கிறது. அவன் ஏறவேண்டிய கூரைக்கான பணம் போய்விட்டது. இது அக்கிரமம் என்று சொல்வதற்கு நான் தயங்கவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் நாளை இத்துறையில் திட்டம் தீட்டும் ஸ்தானத்துக்கு வரப்போகிறவர்கள். எந்த நாட்டில், எந்த மக்களுக்காக நீங்கள் பயிற்சித் திட்டம் எழுத நேர்ந்தாலும், பாடத்திட்டத்தை முதலில் எழுதாதீர்கள். பயிற்சி முடிந்த மறுநாள் காலையில் அந்தத் தொழிலாளி எந்த வீட்டுக்கு, எந்த வேலைக்குப் போவான், அவனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள், அவன் பொருத்தும் தகடு யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் எழுதுங்கள். அதை எழுதும்போது அவனையும் அவனுடைய ஊர்ப் பெரியவர்களையும் மேசையின் எதிரே உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலத்துச் சம்பளத்தையும், ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் ஒதுக்கித் தர மறுக்கிற எந்தத் திட்டத்திலும் உங்கள் கையொப்பத்தை இடாதீர்கள்.